கைக்கு வராத காசுக்கும் கணக்குக் கேட்டால்

லண்டன் மாநகரக் காவல்துறையில் ஒரு பெண் காவலர். அவர் வேலைக்கே போகாத ஒரு நாளுக்குக் கணக்குப் பிரிவு சம்பளமும் மிகைநேரப் படியும் போட்டுவிட்டது. தொகை 74 பவுண்டு 74 பென்ஸ். அவர் கேட்டு வாங்கவில்லை, பொய்க்கணக்கும் எழுதவில்லை. பணம் நேராக வங்கிக் கணக்கில் போய் உட்கார்ந்துகொண்டது. தெரிந்த பிறகும் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டார் என்று திருட்டு வழக்குப் போட்டார்கள். விசாரணை நீதிமன்றம் விடுதலை செய்தது. விடுதலை விடுதலையாகவே இருக்கட்டும், சட்டம் என்ன என்று மட்டும் சொல்லுங்கள் என்று அட்டர்னி ஜெனரல் மேல்முறையீட்டு நீதிமன்றத்திடம் கேட்டார். 1983-ஆம் ஆண்டின் முதல் பரிந்துரை என்ற பெயரில் இன்றும் சட்ட மாணவர்கள் படிக்கும் அந்தத் தீர்ப்பு, தவறுதலாக வந்த சம்பளத்தைத் தெரிந்தே திருப்பாமல் வைத்துக்கொண்டால் அது திருட்டாக முடியலாம் என்றது. 1968 திருட்டுச் சட்டத்தின் 5(4) பிரிவு அதற்கு அடிப்படை. இப்படிப்பட்ட விவகாரங்களைக் குற்றவியல் நீதிமன்றம் வரை இழுக்காமலே தீர்த்துக்கொள்ளலாமே என்ற முணுமுணுப்பும் தலைமை நீதிபதி லேன் பிரபுவின் தீர்ப்பில் உண்டு.

சிலி நாட்டில் இதற்கு நேர்மாறாக நடந்தது. 2022 மே மாதம் ஓர் உணவு நிறுவனம், மாதம் சுமார் 5 லட்சம் பெசோ வாங்கும் ஊழியருக்குப் பதினாறரைக் கோடி பெசோவுக்கு மேல் போட்டுவிட்டது. வங்கிக்குப் போய்த் திருப்பித் தருகிறேன் என்றவர் ராஜிநாமாக் கடிதத்தை அனுப்பிவிட்டு மறைந்தார். மூன்று ஆண்டுகள் கழித்து, 2025-இல், சாந்தியாகோ நீதிமன்றம் இது திருட்டுக் குற்றமாகாது என்று விடுவித்தது. சிவில் வழக்கு வேண்டுமானால் நிறுவனம் போட்டுக்கொள்ளலாம்.

இத்தகைய கதைகளைச் செய்தித்தாள்கள் விரும்பி அச்சிடும். ஆனால் மிகைச் சம்பளம் என்ற விஷயம் பெரும்பாலும் இவ்வளவு சுவையாக இருப்பதில்லை. வேலையை விட்டுப் போனவருக்கு இன்னொரு மாதச் சம்பளம் போய்விடும். பகுதிநேரத்துக்கு மாறியவருக்கு முழுநேரச் சம்பளம் தொடரும். நோய் விடுப்பில் பாதிச் சம்பளத்துக்கு இறங்க வேண்டியவருக்கு இறங்காது. பிறகு ஒருநாள் கடிதம் வரும். திருப்பித் தர வேண்டும் என்பதில் சட்டத்துக்கும் மனசாட்சிக்கும் பெரிய சண்டை கிடையாது. சண்டையெல்லாம் தொகையில்தான். இந்தக் கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வியும் அதுவே. சம்பளச் சீட்டின் மேல்வரியில் இருக்கும் மொத்தத் தொகை கடனா, கடைசி வரியில் இருக்கும், வங்கிக்கு வந்த தொகை கடனா?

பிரிட்டனையே களமாக வைத்துக்கொள்வோம். அங்கே சம்பளத்திலிருந்து முக்கியப் பிடித்தங்கள் மூன்று. வருமான வரி ஒன்று. தேசியக் காப்பீடு ஒன்று. மூன்றாவது புதியது, பணியிட ஓய்வூதியம். 2008 ஓய்வூதியச் சட்டத்தின்படி 2012 அக்டோபரில் பெரிய நிறுவனங்களில் தொடங்கி, படிப்படியாகச் சின்னக் கடைகள் வரை வந்துவிட்டது. 22 வயது முடிந்து, ஆண்டுக்கு 10,000 பவுண்டுக்கு மேல் சம்பாதிக்கும் ஊழியரை முதலாளி தாமாகவே சேர்த்தாக வேண்டும், விருப்பமில்லாதவர் விலகிக்கொள்ளலாம். 2019 ஏப்ரல் முதல் குறைந்தபட்சப் பங்களிப்பு 8 சதவீதம். அதில் முதலாளி 3, ஊழியர் பக்கம் 5. இந்தச் சதவீதமும் முழுச் சம்பளத்தின்மேல் அல்ல. ஆண்டுக்கு 6,240 பவுண்டுக்கும் 50,270 பவுண்டுக்கும் இடைப்பட்ட பகுதியின்மேல் மட்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. பராமரிப்பு இல்லம் ஒன்றில் மாதம் 2,000 பவுண்டுக்கு வேலை பார்த்த ஒரு பெண் பிப்ரவரியோடு நின்றுவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். 2022-க்குப் பிறகு பராமரிப்புப் பணியாளர் விசாவில் தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் போன பலருக்கு இந்தச் சம்பளச் சீட்டு பழக்கமானதே. விலகல் கடிதம் மேலாளர் மேசையில் கிடந்தது, கணக்குப் பிரிவுக்குப் போகவில்லை. மார்ச் மாதச் சம்பளமும் விழுந்துவிட்டது. 2024 ஏப்ரலுக்குப் பிந்தைய விகிதங்களில் போட்டால், ஓய்வூதியத்துக்கு 74 பவுண்டு, வருமான வரி ஏறத்தாழ 176, தேசியக் காப்பீடு 76. கைக்கு வந்தது சுமார் 1,674. இதைத் தவிர, முதலாளி தன் பங்காக 44 பவுண்டு சொச்சத்தை ஓய்வூதிய நிதிக்குத் தனியே அனுப்பியிருக்கிறார்.

மே மாதம் கடிதம் வருகிறது: 2,000 பவுண்டு செலுத்தவும்.

அந்த 2,000-இல் 326 பவுண்டு அவருடைய வங்கிக்கு வரவே இல்லை. 252 பவுண்டு வரித்துறையிடம் இருக்கிறது. 74 பவுண்டு ஓய்வூதிய நிதியில், முதலாளி போட்ட 44-உடன் சேர்ந்து ஏதோ ஒரு பங்குச்சந்தை நிதியின் அலகுகளாக மாறி நிற்கிறது. கடிதம் எழுதிய குமாஸ்தாவைக் கேட்டால், ‘எங்கள் புத்தகத்தில் செலவு 2,000, ஆகவே வரவு 2,000’ என்பார். கணக்குப் பதிவியல் பார்வையில் அதில் பிழையில்லை. ஆனால் கடன் என்று வரும்போது, அந்தப் பெண் தன் சேமிப்பிலிருந்து 326 பவுண்டு எடுத்து முதலாளிக்குக் கொடுத்துவிட்டு, வரித்துறையிடமும் ஓய்வூதிய நிதியிடமும் தானே போய் மல்லுக்கட்ட வேண்டும் என்று பொருளாகிறது.

ஏன் மே மாதம் என்று சொன்னோம்? பிரிட்டனின் வரி ஆண்டு ஏப்ரல் 5-ஆம் தேதியோடு முடிகிறது. அதே வரி ஆண்டுக்குள் தவறு தெரிந்துவிட்டால் சிக்கல் குறைவு. முதலாளி சம்பள மென்பொருளில் அந்த மாதத்தைத் திருத்தி, வரித்துறைக்கு மறுகணக்கு அனுப்பினால், வரியும் காப்பீடும் தாமாகச் சரியாகிவிடும். ஊழியர் இன்னும் வேலையில் இருந்தால் அடுத்த மாத மொத்தச் சம்பளத்தில் 2,000-ஐக் கழித்தாலே போதும். வரியும் கூடவே குறைந்துவிடும், ஓய்வூதியப் பிடித்தமும் குறைந்துவிடும். ஆண்டு தாண்டி, ஆளும் வேலையை விட்டுப் போயிருந்தால்தான் இந்தச் சுமுகம் இல்லை. அப்போதும் முதலாளிக்கு வழி அடைந்துவிடவில்லை. ஊழியரிடம் கைக்கு வந்த தொகையை மட்டும் வாங்கிக்கொண்டு, முந்தைய ஆண்டுக் கணக்கைத் திருத்தி அனுப்பி, மீதியை வரித்துறையிடமே கேட்கலாம். அதற்குக் கொஞ்சம் உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டும். 2,000 என்று கடிதம் எழுதுவது சுலபம்.

ஓய்வூதியப் பங்கு இன்னும் கறாரானது. வரியையாவது ஊழியர் விண்ணப்பம் போட்டு வாங்க முயலலாம். ஓய்வூதிய நிதியில் போன பணத்தை 55 வயதுக்கு முன் தொட முடியாது. 2028 ஏப்ரல் 6 முதல் அந்த வயது 57. கடும் நோய் போன்ற சில விலக்குகளைத் தவிர, முன்கூட்டி எடுத்தால் 40 முதல் 55 சதவீதம் வரை தண்டவரி. முப்பது வயதுப் பெண்ணிடம் அந்த 74 பவுண்டை இப்போதே கொடு என்பது, இன்னும் கால் நூற்றாண்டுக்குப் பூட்டிய பெட்டியில் இருப்பதைக் கேட்பதாகும். சாவியோ அவரிடம் இல்லை. உண்மையான தவறினால் போன பங்களிப்பு என்றால் நிதி அதைத் திருப்பித் தரலாம், அது விதிமீறிய பட்டுவாடா ஆகாது என்று வரித்துறையின் விதிகளே இடம் தருகின்றன. அந்த வேண்டுகோளை வைக்க வேண்டியவர், தவறு நடந்ததற்கு ஆதாரம் வைத்திருக்கும் முதலாளி.

முதலாளி போட்ட 44 பவுண்டையும் சேர்த்து 2,044 என்று கேட்கும் கடிதங்களும் வரலாம். அது ஊழியரின் சம்பளமாக ஒரு கணமும் இருந்ததில்லை. அதற்கு அவர் கடனாளி ஆக முடியாது. அதே சமயம் அந்த 118 பவுண்டு நிதியில் தங்கிவிட்டால், உழைக்காத மாதத்துக்கான ஓய்வூதியம் அவருக்குச் சேர்ந்துவிடும் என்ற முதலாளி தரப்பு வாதத்தையும் தள்ள முடியாது. நிதியிடம் கேட்டு எடுத்துக்கொள்ளட்டும். அவர் பையிலிருந்து எடுக்க வேண்டாம்.

சட்டம் ஊழியருக்கு எவ்வளவு துணை? முதல் பார்வைக்குக் கொஞ்சம்தான். 1996 வேலைவாய்ப்பு உரிமைகள் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, அனுமதியில்லாமல் சம்பளத்தில் கைவைக்கக் கூடாது என்று முதலாளியை மிரட்டுகிறது. அடுத்த பிரிவே, மிகைச் சம்பளத்தை மீட்பதற்கு இந்தத் தடை பொருந்தாது என்று கையை விரித்துவிடுகிறது. ஒரே மாதத்தில் இவ்வளவுதான் பிடிக்கலாம் என்ற பொதுவான உச்சவரம்பும் அதில் இல்லை. இந்தியாவின் 1936 ஊதியப் பட்டுவாடாச் சட்டமும் மிகை ஊதியத்தைப் பிடிக்க அனுமதித்தது. ஆனால் எல்லாப் பிடித்தமும் சேர்ந்து பொதுவாகச் சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்று கடிவாளம் போட்டது. 2019 ஊதியச் சட்டத்தொகுப்பும் அந்தப் பாதியை விட்டுவிடவில்லை. இந்த ஒரு விஷயத்தில் இந்தியச் சட்டம் பிரிட்டன் சட்டத்தைவிட நயமாக இருக்கிறது. பிரிட்டனில் பேசித் தவணை போட்டுக்கொள்ளுங்கள் என்று அக்காஸ் என்ற தொழில் சமரச அமைப்பு அறிவுரை சொல்கிறது. அறிவுரைதான்.

நீதிமன்றங்கள் கொஞ்சம் இளகியிருக்கின்றன. ஏவான் கவுன்டி கவுன்சில் ஓர் ஆசிரியருக்கு நீண்ட நோய் விடுப்புக் காலத்தில் 1,007 பவுண்டு அதிகமாகக் கொடுத்துவிட்டுத் திருப்பிக் கேட்டது. சம்பளம் சரிதான் என்று நம்ப வைத்தது கவுன்சிலே. அதை நம்பிச் செய்த செலவும், கேட்டிருக்கக்கூடிய அரசு உதவியைக் கேட்காமல் விட்டதும் சேர்ந்து 546 பவுண்டு சொச்சம் என்று ஆசிரியர் தரப்புக் காட்டியது. அப்படியானால் மீதி 460 பவுண்டையாவது கொடுக்க வேண்டாமா? வேண்டாம் என்றது 1983 மேல்முறையீட்டுத் தீர்ப்பு. நம்ப வைத்தவர் பிறகு மாற்றிப் பேச முடியாது, தடை என்றால் முழுத் தொகைக்கும் தடை.

இது ஆசிரியருக்கு அடித்த அதிர்ஷ்டம் என்றே சொல்ல வேண்டும். 1991-இல் பிரபுக்கள் அவை இன்னும் நுட்பமான ஒரு கருவியை ஏற்றது. வந்த வழக்கு சம்பளத்துக்குச் சம்பந்தமே இல்லாதது. வழக்கறிஞர் நிறுவனப் பங்குதாரர் ஒருவர், கட்சிக்காரர்களின் பணத்தை எடுத்துக்கொண்டுபோய் லண்டன் பிளேபாய் கிளப்பில் சூதாடித் தீர்த்தார். அந்தச் சூதாட்ட மேசையிலிருந்துதான், நல்லெண்ணத்தோடு பெற்ற பணத்தை நம்பித் தன் நிலையை மாற்றிக்கொண்டவரிடம் அந்த அளவுக்குத் திருப்பிக் கேட்கக் கூடாது என்ற கொள்கை கூலிக்காரர் வரை வந்து சேர்ந்தது. சட்டம் வளரும் தோட்டம் சில சமயம் இப்படி.

அந்தக் கருவி ஓய்வூதியப் பணத்தின்மேல் எப்படி வேலை செய்யும் என்பதை 2001-இல் முடிந்த ஸ்காட்டிஷ் ஈக்விடபிள் வழக்கில் அருகிலிருந்து பார்க்கலாம். ஒருவருடைய ஓய்வூதிய நிதியில் உண்மையில் இருந்தது 29,486 பவுண்டு. காப்பீட்டு நிறுவனம், முன்பே அவர் எடுத்துக்கொண்டதைக் கழிக்க மறந்து, 2,01,938 என்று எழுதிவிட்டது. சந்தேகப்பட்டுக் கேட்டவருக்கும் சரிதான் என்றே பதில். அவர் 51,333 பவுண்டை ரொக்கமாக வாங்கினார். அதில் 41,671-ஐ வீட்டுக் கடனில் கட்டினார், 9,662-ஐக் குடும்பச் செலவில் கரைத்தார். மீதி 1,50,604-ஐ நார்விச் யூனியனில் இன்னொரு ஓய்வூதியமாகப் போட்டார்.

நீதிமன்றம் ஒவ்வொரு துண்டாக எடுத்தது. வீட்டுக் கடன் எப்படியும் ஒருநாள் கட்ட வேண்டியது, அதைக் கட்டியதால் அவருக்கு இழப்பு இல்லை. திருப்பித் தர வேண்டும். நார்விச் யூனியன் அந்த ஓய்வூதியத்தைக் கலைத்துத் தரத் தயார் என்கிறது. ஆகவே அதுவும் தர வேண்டும். கரைந்துபோன 9,662 மட்டும் அவருக்குத் தள்ளுபடி. தீர்ப்பில் இரக்கம் கம்மிதான். ஆனால் நம் கேள்விக்கு ஒரு வெளிச்சம் கிடைக்கிறது. ஓய்வூதிய நிதியில் நிற்கும் பணம், நிதி கலைத்துத் தந்தால் திரும்ப வேண்டியது. கலைத்துத் தராவிட்டால்? அந்தக் கதவு சும்மா சாத்தித்தான் கிடக்கிறது. மேலே சொன்ன பராமரிப்பு இல்லப் பெண் தட்ட வேண்டிய கதவு அதுவே.

நிகரமா மொத்தமா என்ற சண்டையை ஒரு நாடு நேரடியாகச் சட்டத்தில் தீர்த்தது. கனடா 2016 பிப்ரவரியில் தன் மத்திய அரசு ஊழியர்களுக்கு ஃபீனிக்ஸ் என்ற சம்பள மென்பொருளைக் கொண்டுவந்தது. ஐ.பி.எம். நிறுவனம் கட்டித் தந்தது. நியூ பிரன்ஸ்விக்கின் மிராமிச்சி என்ற சிற்றூரில் சம்பள மையம். பல்லாயிரம் பேருக்குச் சம்பளம் குறைவாக வந்தது, சிலருக்கு வரவே இல்லை, சிலருக்கு அதிகமாக வந்தது. அதிகம் வாங்கியவர்களில் ஆண்டு தாண்டித் திருப்பியவர்களுக்கு மொத்தத் தொகைக்கே சீட்டு அனுப்பினார்கள். வரித்துறை விதி அப்படி. கைக்கு வந்ததைவிட ஆயிரக்கணக்கான டாலர் அதிகமாகத் திருப்ப வேண்டிய நிலை. தனியார் முதலாளியாக இருந்தால், வரித்துறை வேறு, நான் வேறு என்று ஒதுங்கலாம். இங்கே முதலாளியும் அரசாங்கம், வரி வாங்கி வைத்திருப்பதும் அரசாங்கம். வலது கையில் இருப்பதை இடது கைக்கு மாற்ற ஊழியரைக் கடன் வாங்கச் சொன்னார்கள். தொழிற்சங்கங்கள் விடவில்லை.

2019 ஜனவரியில் நிதித்துறை வரைவு கொண்டுவந்தது, அதே ஆண்டு சட்டமானது. எழுத்துப்பிழை, நிர்வாகப் பிழை, கணினிப் பிழை இவற்றால் வந்த மிகைச் சம்பளத்துக்கு ஊழியர் நிகரத் தொகையைக் கொடுத்தால் போதும். வருமான வரி, வேலையின்மைக் காப்பீடு, கனடா ஓய்வூதியத் திட்டத்துக்குப் போன பங்கு ஆகியவற்றை முதலாளி நேரே வரித்துறையிடம் பெற்றுக்கொள்வார். 2015-க்குப் பிந்தைய மிகைச் சம்பளத்துக்கு இது பொருந்தும். பணம் போன ஆண்டின் முடிவிலிருந்து மூன்று ஆண்டுக்குள் ஏற்பாடு நடக்க வேண்டும். அரசு ஊழியர் தவிர மற்றவர்களுக்கும் உண்டு. அரசாங்கத்தையே கடித்த பிறகுதான் விதி மாறியது என்பதை யாரும் கவனிக்கலாம்.

இந்திய நீதிமன்றங்கள் வேறு வழியில் போயின. இங்கே மிகை ஊதியம் பெரும்பாலும் அரசு ஊழியர் ஓய்வு பெறும் வாசலில்தான் வெளிப்படுகிறது. பணிப்பதிவேடு சென்னை தேனாம்பேட்டையில் இருக்கும் மாநிலக் கணக்காயர் அலுவலகத்துக்குப் போகும். இருபது ஆண்டுகளுக்கு முன் தேர்வுநிலையோ சிறப்புநிலையோ கொடுத்தபோது ஒரு ஊதிய உயர்வு தவறாகக் கூட்டப்பட்டிருப்பதை அங்கே ஒருவர் கண்டுபிடிப்பார். ‘மிகைப் பட்டுவாடாவை வசூலிக்கவும்’ என்று குறிப்பு வரும். பெண் கல்யாணத்துக்கு நம்பியிருந்த பணிக்கொடை அங்கேயே நிற்கும். இந்தக் குறிப்புக்கு அஞ்சாத எழுத்தர் தமிழ்நாட்டு அலுவலகங்களில் இல்லை.

2012-இல் சண்டி பிரசாத் உனியால் வழக்கில் உச்ச நீதிமன்றம், இது வரி செலுத்துவோர் பணம், ஏமாற்று இருந்தாலும் இல்லாவிட்டாலும் வசூலிக்கலாம் என்று கறாராகப் பேசியது. 2014 டிசம்பரில் பஞ்சாப் மாநிலம் எதிர் ரஃபீக் மசீஹ் வழக்கில் நீதிபதி கேஹர் அமர்வு, வசூலிக்கக் கூடாத இடங்களை வரையறுத்தது. கடைநிலையான ‘சி’, ‘டி’ பிரிவு ஊழியர்கள். ஓய்வு பெற்றவர்களும் ஓராண்டுக்குள் ஓய்வு பெறப்போகிறவர்களும். ஐந்து ஆண்டுக்கு மேல் தொடர்ந்த மிகை. மேல்பதவி வேலையைத் தவறாகச் செய்யவைத்து அதற்குக் கொடுத்த சம்பளம். இவை தவிர, வசூல் கொடுமையாகவோ நியாயமற்றதாகவோ இருக்கும் என்று நீதிமன்றம் கருதும் எந்த நிலையும். 2022-இல் தாமஸ் டேனியல் வழக்கில் கேரள ஆசிரியர் ஒருவருக்கு இதே பாதையில் நிவாரணம் கிடைத்தது. ஊதியமில்லா விடுப்பையும் சேர்த்து அவருக்கு உயர்வு கணக்கிட்டுவிட்டார்கள்; 1999-இல் ஓய்வு பெற்றவருக்கு இருபத்து மூன்று ஆண்டு கழித்துத்தான் உச்ச நீதிமன்றத்தில் வழக்கு முடிந்தது. நடுவே, 2016 ஜக்தேவ் சிங் தீர்ப்பு ஓர் ஓட்டையும் போட்டது: அதிகம் வந்தால் திருப்பித் தருவேன் என்று எழுதிக் கொடுத்தவருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. ஊதியக்குழு அமலாகும்போது நீட்டும் இடத்தில் கையெழுத்துப் போடாத அரசு ஊழியர் யார்?

பணம் எங்கே போய் நிற்கிறது என்று ஆங்கிலச் சட்டம் தேடுகிறது. இந்தியச் சட்டம் ஆளைப் பார்க்கிறது, அவர் கடைநிலையா, வயதானவரா, எத்தனை ஆண்டு ஆயிற்று என்று கேட்கிறது. ஏழைக்கு இந்திய வழி நல்லது, சந்தேகமில்லை. ஆனால் வசூலிக்கலாம் என்று முடிவான பிறகு எவ்வளவு என்ற கேள்விக்கு ரஃபீக் மசீஹ் பட்டியலில் பதில் தேடிப் பயனில்லை. அது ஆமா இல்லையா என்பதற்கான பட்டியல்.

அந்தக் கேள்வி தமிழ்நாட்டிலும் இப்போது காத்திருக்கிறது. 2003 ஏப்ரல் 1 முதல் பணியில் சேர்ந்தவர்கள் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்துக்குள் வந்தார்கள். அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் 10 சதவீதம் ஊழியர் பிடித்தம், அதே அளவு அரசுப் பங்கு. அவர்களுக்கு ஊதிய உயர்வு தவறாகப் போடப்பட்டால், மிகையில் பத்தில் ஒரு பங்கு கைக்கு வராமல் நேரே அந்தக் கணக்குக்குப் போயிருக்கும், அரசின் பத்தும் கூடவே போயிருக்கும். தணிக்கைக் குறிப்பு மொத்தத் தொகையைக் கேட்டால், முதலில் எழுதிக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: கணக்கில் நிற்கும் அந்தப் பத்து சதவீதத்தை அரசு அங்கிருந்து எடுத்துக்கொள்ளுமா, ஊழியர் பையிலிருந்தா? அந்தப் பதிலையும் ஆண்டுவாரியான வரிப் பிடித்தக் கணக்கையும் எழுத்தில் வாங்கிய பிறகே தவணைப் பேச்சுக்கு உட்காரலாம்.